துடைக்க முன் தண்ணீரைத் தேடுங்கள்

வீடும் சுவரும்: வாசகர் கேள்வி பதில்

ஒக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய கிழமையே எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஹீட்டிங் போட்டதும் யன்னலைப் பூட்டுவோம், யன்னல் பூட்டியதும் மூலை பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். இந்தமுறை எடுத்துக்கொண்ட ஆறு கடிதங்களும் லண்டனின் பழைய டெரஸ் வீடுகளிலிருந்து வந்தவை. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நானும் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக இவற்றின் சாந்தை உரித்தும் பூசியும் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்லுகிறேன்.

கேள்வி: எங்கள் வீடு 1900ஐ ஒட்டிக் கட்டியது. 2011இல் வாங்கினோம். மேல்மாடிப் பின்னறையில், அலுமாரிக்குப் பின்னால் வெளிச்சுவர் மூலை ஒவ்வொரு மாரியும் கறுக்கிறது. பிளீச் போட்டுத் துடைத்தாலும் மாசியில் திரும்பி வந்துவிடும். அதே அறையில், பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவரில், பழைய புகைபோக்கி இருக்கிற இடத்தில் மண்ணிறக் கறை ஒன்றும் உண்டு. ஒரு கொம்பனிக்காரர் இலவசமாக வந்து பார்த்தார். கீழே மேலே எங்கே மீற்றரைக் குத்தினாலும் அது கீ கீ என்று கத்தியது. நிலத்து ஈரம் ஏறாமல் கீழ்ச்சுவர் முழுக்கத் துளைபோட்டு மருந்து ஏற்றவேண்டும், மேலே புகை அடித்துப் பூஞ்சணத்தைக் கொல்லவேண்டும், எல்லாம் சேர்த்து 3,400 பவுண், 20 வருட உத்தரவாதம் என்கிறார். மகனுக்கு இளைப்பு இருப்பதால் யோசிக்காமல் கொடுத்துவிடுவோம் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா? (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

பதில்: கொடுக்கவேண்டாம் தங்கச்சி. இந்தக் கிழமையாவது கொடுக்காமல் இருங்கள்.

கறுத்திருப்பது மேல்மாடி, துளைபோடச் சொல்வது கீழே. அதை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறும்தான். ஆனால் ஏறக்குறைய ஒரு மீற்றருக்குள் களைத்துப்போய், இடுப்பளவில் அலை அடித்த கோடுபோல உப்புக் கறையொன்றை விட்டுவிட்டு நின்றுவிடும். படியேறிப் படுக்கையறைக்கு வருகிற பழக்கம் அதற்கு இல்லை. கீழே எத்தனை போத்தல் மருந்து ஏற்றினாலும் மேலே உள்ள மூலைக்கு அது தெரியவே வராது.

மீற்றர் கத்தியதையும் பெரிதாக எடுக்கவேண்டாம். அந்த இரண்டு ஊசி மீற்றர் மரத்தின் ஈரத்தை அளக்கவென்று செய்தது. ஊசிகளுக்கு இடையில் மின்சாரம் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்றுதான் அது பார்க்கிறது. நூறு வருடச் சாந்தில் உப்பு ஊறிக் கிடக்கும். உப்பு இருந்தால் தொட்டால் காய்ந்த சுவரிலும் கத்தும். மினுங்கல் கடதாசி ஒட்டிய சுவரிலும் கத்தும். இங்கே ஏதோ இருக்கிறது, பார் என்று அது கூப்பிடுகிறது, அவ்வளவுதான். என்ன வியாதி என்று அதற்குத் தெரியாது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நான் கொடுத்து ஏமாந்தவன். 1994இல் மேனர்பார்க்கில் முதல் வீடு வாங்கினோம். பின்னறை மூலை கறுத்தது. அப்போது நான் ஒரு ஐரிஷ்காரரிடம் சாந்து குழைக்கிற வேலையில்தான் இருந்தேன், இருந்தும் சொந்த வீடு என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. ஒருவர் வந்தார், மீற்றர் கத்தியது, 900 பவுண் கட்டினேன். கீழ்ச்சுவர் முழுக்கத் துளை. அடுத்த மாரி அதே மூலை, அதே கறுப்பு. தொலைபேசியில் கூப்பிட்டால், “அது நீராவி படிவதால் வருவது, உத்தரவாதம் நிலத்து ஈரத்துக்கு மட்டும்” என்றார்கள். கடதாசியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பிறகு ஒரு மழைநாளில் குடையோடு பின்வளவில் போய் நின்று மேலே பார்த்தேன். டெரஸில் பீலி வீட்டுக்கு வீடு தனியாக இல்லை. நாலைந்து வீட்டுக் கூரைத் தண்ணீரும் ஒரே பீலியில் ஓடி, ஒரு குழாயால் இறங்கும். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் எல்லையில் பீலியைத் தாங்கும் கொழுக்கி ஒன்று சறுக்கி, பொருத்து வாயைப் பிளந்து, தண்ணீர் சொட்டாமல் சத்தம் போடாமல் சுவரை நக்கிக்கொண்டு இறங்கியது. செங்கலில் பச்சைப் பாசி ஒரு முழ அகலத்துக்கு. கொழுக்கியும் றப்பர் வளையமும் எட்டுப் பவுணுக்குள் முடிந்தது.

ஆகவே முதல் வேலை, மழை பெய்யும்போது வெளியே போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாப் பீலியும் நல்ல பீலிதான்.

பீலி சரி, ஓடு சரி, வெளிச் செங்கலின் சாந்து உதிரவில்லை என்றால் உங்கள் மூலைக்குக் காரணம் அறைக்குள்ளே இருக்கும் ஆவி. இந்த வீடுகளின் சுவர் ஒன்பது அங்குல முழுச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. அதனால் வெளிக்குளிர் நேரே உள்ளே வரும். இரண்டு வெளிச்சுவர்கள் சந்திக்கும் மூலை இன்னும் குளிரும். அதற்கு முன்னால் அலுமாரியை ஒட்டி வைத்துவிட்டீர்கள். றேடியேற்றர் வெக்கையும் போகாது, காற்றும் போகாது. 20 பாகையில் இருக்கும் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் ஆவியைத் தாங்கும். அதுவே 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்?

பலர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ‘ஈரமே இல்லையே’ என்பார்கள். பூஞ்சணத்துக்குத் துளி வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நாட்கணக்காக நின்றால் அதற்குப் போதும். அறை 20 பாகை, ஈரப்பதன் 60 என்று வையுங்கள். கெட்ட அறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூலை 15 பாகைக்குக் குளிர்ந்தாலே அங்கே 80 வந்துவிடும். அலுமாரிக்குப் பின்னால் 15 பாகைக்குக் கீழே போவது ஜனவரியில் சர்வசாதாரணம்.

ஆவி எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்கிறீர்களா? புட்டுக்குப் பானை வைத்து ஒரு மணித்தியாலம், பிறகு சோறு. காஸ் அடுப்பு எரிவதாலேயே ஆவி உண்டாகும், அது வேறு. ஒரு மெஷின் உடுப்பைப் பிழிந்து றேடியேற்றரில் விரித்தால் ஏறக்குறைய இரண்டு லீற்றர் தண்ணீர் வீட்டுக் காற்றுக்குப் போகும். இரவில் மூன்று பேர் கதவைச் சாத்திப் படுத்தால் அவர்கள் மூச்சும் சேரும்.

சந்தேகம் தீர ஒரு பழைய வழி இருக்கிறது. மூலையைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் சதுர அலுமினியத் தாளை நாலு பக்கமும் நாடா ஒட்டி அடையுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஆவி. உரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளே தண்ணீர். நோயறியும் கருவி என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். பத்துப் பவுணுக்குள் வரும் ஈரப்பதன் மானி ஒன்றும் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒரு கிழமை வையுங்கள்.

மண்ணிறக் கறை வேறு கதை. பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கும். புகைபோக்கியில் வருவது தேத்தண்ணி சிந்தினதுபோல மஞ்சள் விளிம்போடு பரவும், மழைக்கு முந்திய புழுக்கத்திலேயே ஈரமாகத் தெரியும். அந்தப் புகைபோக்கியில் பல பத்து வருடம் நிலக்கரி எரிந்திருக்கும். கரிப்புகையின் உப்புகள் சாந்தில் ஊறி, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நெருப்பறையைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் கீழே காற்றுச் சல்லடையும் மேலே மூடியும் வைக்காமல் விட்டிருந்தால், மழையும் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். அடைத்த இடத்தில் ஒரு சல்லடை, மேலே மழை போகாமல் காற்று மட்டும் போகும் மூடி, கூரையோடு சேரும் இடத்து ஈயத் தகடு. இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கூரைக்கு மேலே அந்தத் தூண் பக்கத்து வீட்டுக்கும் சொந்தமாக இருக்கலாம், கதைத்துச் செலவைப் பிரியுங்கள். கறைபிடித்த சாந்தை வெட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசவேண்டும். மேலே பெயின்ற் அடித்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே படம் வரும்.

அப்படியானால் தொழில்காரரே வேண்டாமா? வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் மருந்து விற்காத ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பில் பதிவுள்ள, பழைய வீடு தெரிந்த கட்டடச் சேர்வேயர் போதும். இலவசமாகப் பார்க்க வருகிறவருக்கு விற்றால்தானே சம்பளம்? அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை.

துப்புரவுக்கு வருகிறவர் என்ன செய்கிறார் என்று வாசலில் நின்று பாருங்கள். நல்லவர் என்றால் முதலில் கதவு நிலையில் பிளாஸ்ரிக் விரிப்பை நாடா போட்டு ஒட்டுவார். கட்டிலையும் உடுப்பையும் வெளியே எடுக்கச் சொல்வார். காய்ந்த பூஞ்சணத்தில் தூரிகையே வைக்கமாட்டார். ஒரு இழுவையில் இலட்சக்கணக்கான வித்துகள் பறக்கும். நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்ட உறிஞ்சியால் முதலில் இழுப்பார், பிறகு பூஞ்சணக் கொல்லியைத் தடவி, போத்தலில் போட்டிருக்கிற நேரம் மட்டும் ஊறவிடுவார். அந்த நேரத்தில் தேத்தண்ணி குடிப்பார், குடிக்கட்டும். அதற்குப் பிறகு துடைத்து, துணியைப் பையில் கட்டி, திரும்பவும் உறிஞ்சியால் இழுப்பார். சுவர்க்கடதாசிக்கு அடியில் போயிருந்தால் கடதாசியை உரிப்பார். வந்து பத்து நிமிடம் புகை அடித்துவிட்டுப் போகிறவர் உயிரைக் கொன்றிருக்கலாம், பிணத்தை உங்கள் சுவரிலேயே விட்டுவிட்டார். செத்த பூஞ்சணமும் இளைப்புக்காரரைக் கிளப்பும். மகனை அன்றைக்கு வீட்டில் வைக்கவேண்டாம். இளைப்பு வந்த நாட்களைக் குறித்துவைத்து, சுவரின் படத்தோடு டொக்டரிடம் காட்டுங்கள்.

கறை ஒரு சதுர மீற்றருக்கு உட்பட்டு, காரணம் ஆவிதான் என்றால் வீட்டுக்காரரே துடைக்கலாம் என்கிறது அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். உங்கள் மூலை அதற்குள்தான் இருக்கும்போலத் தெரிகிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளுங்கள். முடிந்தால் உட்சுவருக்கே மாற்றுங்கள். 3,400இல் மிஞ்சுகிற காசில் குசினிக்கும் குளியலறைக்கும் வெளியே இழுக்கிற நல்ல விசிறி போடலாம்.

கேள்வி: டூட்டிங்கில் டெரஸ் வீடொன்றின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறையும் பிள்ளையின் அறையும் கறுத்துவிட்டன. ஏஜென்ட் வந்து பார்த்து, “நீங்கள் நெடுகச் சமைக்கிறீர்கள், யன்னல் திறப்பதில்லை, உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்” என்று எழுதியே தந்துவிட்டார். (வாசகர், டூட்டிங்)

பதில்: கறியில் பூஞ்சணம் வராது தம்பி, ஆவியில்தான் வரும். உருளைக்கிழங்கு அவித்தாலும் அதே ஆவிதான்.

இந்த ‘வாழ்க்கை முறை’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கிறது. ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. தகப்பன் 2017இலிருந்து பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விட்ட சமூக வீடமைப்புக்காரர் குடும்பத்தின் பழக்கத்தையே காரணம் காட்டினார்கள். நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதற்கு முதல் வருடமே வீடமைப்புக் குறைகேள் அதிகாரி இதே விஷயத்தில் ஒரு அறிக்கை விட்டிருந்தார். ‘இது வாழ்க்கை முறை அல்ல’ என்பதுதான் அதன் தலைப்பு.

அந்தப் பிள்ளையின் பெயரிலான சட்டம் இங்கிலாந்தில் 2025 ஒக்டோபர் 27இலிருந்து சமூக வீடுகளுக்கு (கவுன்சிலும் வீடமைப்புச் சங்கங்களும் வாடகைக்கு விடுபவை) நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்தில் நடவடிக்கை. பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலைநாட்களுக்குள் விசாரித்து, முடிவை எழுத்தில் தந்து, விசாரணை முடிந்து 5 வேலைநாட்களுக்குள் ஆபத்தை நீக்கவேண்டும். நீங்கள் தனியாரிடம் வாடகைக்கு இருப்பதால் இந்தக் கணக்கைக் காட்டி இப்போது பிடிக்கமுடியாது. ஆனால் மனிதர் குடியிருக்கத் தக்கதாக வீட்டை வைத்திருக்கவேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பகுதியும் வந்து பார்த்து உத்தரவு போடலாம்.

தொலைபேசியில் சண்டை பிடிக்கவேண்டாம். எல்லாம் எழுத்தில். திகதியோடு படம், காலை மாலை ஈரப்பதன் அளவு. குளியலறை விசிறியைப் போட்டு ஒரு ரிஷ்யூத் தாளை அதன் வாயில் வையுங்கள். தாள் ஒட்டி நிற்காமல் விழுந்தால் அதை வீடியோ எடுத்து அனுப்புங்கள். குளியலறை விசிறி விநாடிக்கு 15 லீற்றர் இழுக்கவேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி. சத்தம் மட்டும் போடுகிற விசிறியை வைத்துக்கொண்டு யன்னல் திற என்று சொல்லமுடியாது. வாடகையை மட்டும் நிறுத்தவேண்டாம், அதில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். உங்கள் பங்குக்குப் பானையை மூடிச் சமையுங்கள், உடுப்பை அந்தப் பிள்ளையின் அறையில் காயப்போடாதீர்கள். பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கேள்வி: பிளீச்சா, வினாகிரியா? (வாசகி, தோர்ன்டன்ஹீத்)

பதில்: ஓடு பதித்த இடத்துக்கும் கண்ணாடிக்கும் பிளீச் பரவாயில்லை. சாந்துச் சுவரில் அது மேலே நிறத்தை வெளுப்பாக்கும், உள்ளே ஊறியதை முழுக்கத் தொடாது. நீங்கள் போய்விட்டது என்று நினைப்பீர்கள். சுவருக்குக் கடையில் விற்கிற பூஞ்சணக் கொல்லிதான் மேல். பிளீச்சையும் வினாகிரியையும் கலந்தால் கெதியாகப் போகுமோ என்று தயவுசெய்து பரிசோதிக்கவேண்டாம். பிளீச்சோடு வினாகிரி சேர்ந்தால் குளோரீன் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது ஆளையே விழுத்தும். அமோனியா கலந்த யன்னல் திரவமும் அதற்குக் கூடாது. கையுறை, கண்ணாடி, எஃப்.எஃப்.பி. 3 முகக்கவசம், திறந்த யன்னல், சாத்திய கதவு.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி இறந்து இரண்டு வருடம். வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்போது எங்கள் முன்னறையில் அந்தப் பக்கச் சுவரடியில் காளான் மணம். தரையில் செங்கல் தூள்போல ஒன்று விழுகிறது, கூட்டினால் மறுநாளும் இருக்கிறது. பூஞ்சணம் துடைக்கிறவரைக் கூப்பிடவா? (வாசகர், வோல்தம்ஸ்ரோ)

பதில்: அண்ணை, துடைக்கிறவர் வேண்டாம். மர அழுகல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இன்றைக்கே.

அந்தச் செங்கல் நிறத் தூள் வித்து. சுவரில் படிகிற கறுப்புப் பூஞ்சணம் அல்ல இது, மரத்தைத் தின்கிற பூஞ்சணம். இங்கே உலர் அழுகல் என்பார்கள். பெயர்தான் உலர், தொடங்குவதற்கு மரம் நனைந்திருக்கவேண்டும். இதற்குள்ள கெட்ட கெட்டித்தனம், சாம்பல் நிற நூல்களை விட்டுச் செங்கலுக்கு இடையிலுள்ள சாந்துக்குள்ளால் ஊர்ந்து மற்றப் பக்க மரத்துக்குப் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச் சுவர் அதற்கு மறிப்பே இல்லை. தனி வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, நாங்கள்தான் ஒட்டிக்கொண்டு நிற்கிறோமே.

சுவரடிப் பலகையில் ஒரு சின்னத் திருப்புளியை அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் என்றால் கை நோகும். லெய்ட்டனில் ஒரு வீட்டில் நான் அழுத்தியபோது தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க்குக்குள் போவதுபோல பிடிவரைக்கும் போனது. மேலே பெயின்ற் பளபளவென்று ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது, பலகை மட்டும் லேசாக அலை அடித்திருந்தது. கழற்றிப் பார்த்தால் மரம் சின்னச் சின்னக் கட்டியாக, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, கையில் எடுக்க எடுக்க உதிர்ந்தது. பின்னால் பஞ்சு விரித்ததுபோல வெள்ளை. வீட்டுக்கார அக்கா ஒன்றும் பேசாமல் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

பூட்டிய வீட்டில் ஹீட்டிங் இல்லை. எங்கேயோ பீலி ஒழுகும், அல்லது குளிரில் உறைந்த குழாய் வெடித்திருக்கும், கேட்க ஆளில்லை. உங்கள் பக்கத்தில் முன்சுவரின் அடியில் காற்றுச் செங்கல்கள் இருக்கும், துளைத்துளையாக. பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு விட்டவை அவை. எலி வருகிறது, குளிர் வருகிறது என்று எங்கள் ஆட்கள் அவற்றுக்குச் சீமெந்து பூசிவிடுவார்கள். பூசியிருந்தால் உடைத்துவிடுங்கள். எலிக்குக் கம்பிவலை இருக்கிறது. முன்பக்கம் சீமெந்து போட்டு நிலத்தை உயர்த்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வெளிநிலம், நிலத்து ஈரம் ஏறாமல் சுவரின் அடியில் போட்ட ஈரத்தடுப்பு வரிசைக்கு ஆறு அங்குலம் கீழே இருக்கவேண்டும்.

அடுத்தது உரிமையாளர். நிலப் பதிவேட்டு இணையத்தில் சில பவுண் கட்டினால் யாருடைய பெயரில் வீடு இருக்கிறது என்று தெரியும். இறந்தவரின் பெயரே இருந்தாலும் முகவரி கிடைக்கும், பிள்ளைகளைத் தேட அது உதவும். கவுன்சிலில் வெற்று வீடுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கும், அவர்களுக்கும் எழுதுங்கள். கடிதம் மரியாதையாக இருக்கட்டும். “உங்கள் வீடு எங்கள் வீட்டைக் கெடுக்கிறது” என்று தொடங்கினால் அவர்கள் வழக்கறிஞரிடம் போவார்கள். “உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதுபோலத் தெரிகிறது, உங்கள் சொத்தும் பழுதாகிறது” என்று தொடங்கினால் திறப்போடு வருவார்கள். பொதுச் சுவரின் முழுத் தடிப்புக்கும் ஈரத்தடுப்புப் போடுவது போன்ற வேலை என்றால் 1996ஆம் ஆண்டுப் பொதுச் சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முந்தி எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். உங்கள் பக்கத்துப் பலகையை மாற்ற அது தேவையில்லை. ஆனால் அவர்கள் பக்கத்துத் தண்ணீர் நிற்காமல் உங்கள் பக்கத்து மரத்தை மட்டும் மாற்றினால் அந்தப் பூஞ்சணத்துக்குப் புதுச் சாப்பாடு வைத்ததுபோலத்தான்.

காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். திடீரென்று குழாய் வெடித்ததற்குத் தருவார்கள், மெல்ல மெல்ல வந்ததற்குப் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

கேள்வி: மேல்மாடி முகட்டில் அலையலையாகக் கோலம் போட்ட பழைய பூச்சு. அதில் கறுப்புப் புள்ளி. சுரண்டிவிட்டு மட்டமாகப் பூச என் மச்சான் வருகிறார், ஞாயிறு வேலை. சரிதானே? (வாசகர், இல்பேர்ட்)

பதில்: மச்சானை மறியுங்கள். அந்த ஆர்ட்டெக்ஸ் பூச்சில் ஒரு காலத்தில் அஸ்பெஸ்ரஸ் கலந்தார்கள். இந்த நாட்டில் முழுத்தடை 1999இல்தான் வந்தது. 2000க்கு முந்திய பூச்சு என்றால் பரிசோதிக்கும்வரை இருக்கிறது என்றே நினையுங்கள். சும்மா இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது, காயச் சுரண்டும்போதுதான் நுரையீரலைக் கெடுக்கும் நார் பறக்கும். ஒரு துண்டைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பப் பெரிய செலவில்லை. அதுவரை ஈரத்துணியில் பூஞ்சணக் கொல்லியைத் தோய்த்து மெல்ல ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். மச்சான் வருகிற ஞாயிறு வீணாகவேண்டாம். அவரைக் கூரைக்கடியில் ஏற்றி, அந்த இடத்துக்கு நேர்மேலே வெப்பக் காப்புக் கம்பளி விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முகட்டின் ஓரம் மட்டும் கறுக்கிறது என்றால் அநேகமாக அங்கே கம்பளி எட்டியிருக்காது. கூரை விளிம்பில் காற்று வருகிற வழியை மட்டும் அவர் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாமிப்படங்களை மாட்டியிருக்கிற சுவரில் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் கறுப்புச் சதுரம். பிள்ளையாரின் படத்துக்குள்ளேயே புள்ளி வந்துவிட்டது. மாமி அபசகுனம் என்கிறா. (வாசகி, மேனர்பார்க்)

பதில்: மாமிக்குச் சொல்லுங்கள், அது வெளிச்சுவர். அலுமாரிக்கு நடந்ததுதான் பிள்ளையாருக்கும் நடந்திருக்கிறது. உட்சுவர் ஒன்று கிடைத்தால் எல்லாரையும் அங்கே குடியேற்றுங்கள். கிழக்குப் பார்க்கத்தான் வேண்டும், வேறு சுவர் இல்லை என்றால், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டி, படம் சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் தொங்குகிறது. உள்ளே புள்ளி வந்த படத்தைக் கழற்றி நாலைந்து நாள் வெக்கையான அறையில் காயவிட்டு, உலர்ந்த தூரிகையால் வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள், வீட்டுக்குள் அல்ல. கண்ணாடிக்கு மட்டும் ஈரத்துணி. கடதாசியில் மருந்து பட்டால் பிள்ளையாரின் நிறம் போய்விடும், அதற்குப் பிறகு மாமியைச் சமாளிக்க என்னிடம் வழியில்லை.